நடுவில் தொய்வு, ஓரத்தில் விறைப்பு: மாடல் விமானத்தில் ரட்டர் கேபிள் கட்டுவது

நீங்கள் கேட்டது இதுதான்: டைகர் மாத் என்ற பழைய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானத்தின் கால் அளவு மாடல் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், இறக்கை 2.2 மீட்டர். ரட்டருக்கு, அதாவது வாலில் இடம் வலமாகத் திரும்பும் பலகைக்கு, இரண்டு பக்கமும் கேபிள். கேபிளை இழுக்கும் சிறு மோட்டாரான சர்வோ காக்பிட்டுக்குக் கீழே இருக்கிறது, அங்கிருந்து வால் வரை சுமார் 90 சென்டிமீட்டர் கேபிள் ஓடுகிறது. ரட்டர் நேராக இருக்கும்போது கேபிளைச் சரியாக இறுக்கினால், முழு ரட்டர் கொடுக்கும்போது சர்வோ உறுமுகிறது. அந்த உறுமல் போகும்வரை தளர்த்தினால், நடுவில் ரட்டர் தொளதொளவென்று ஆடுகிறது. "எவ்வளவு இறுக்கம் வைப்பது சரி? மீன்பிடிக்கும் ட்ரேஸ் கம்பி போதுமா? இல்லை, பேசாமல் கேபிளை விட்டுப் புஷ்ராட் கம்பிக்கு மாறிவிடவா?" என்று கேட்டு முடித்திருந்தீர்கள்.

இறுக்கம் எவ்வளவு என்பது உங்கள் பிரச்சினையே அல்ல. கேபிள் கட்டியிருக்கும் துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு இறுக்கினாலும் தளர்த்தினாலும் இரண்டு தொல்லைகளில் ஒன்று இருந்துகொண்டேதான் இருக்கும். துளைகளைச் சரிசெய்துவிட்டால், எவ்வளவு இறுக்கம் என்ற கேள்வி அநேகமாகத் தானே தீர்ந்துவிடும். சர்வோ மாற்றவும் வேண்டாம், புஷ்ராட்டுக்குப் போகவும் வேண்டாம்.

நான் இருபது வருடத்துக்கு மேல் சிறிய பயிற்சி விமானங்களின் பராமரிப்பில் இருந்தவன். கேபிள், கப்பி, டர்ன்பக்கிள் (கேபிளைத் திருகி இறுக்கும் இணைப்பு) இவற்றோடுதான் பாதி நாள் போகும். மாடல் கட்டுவது அதற்குப் பிறகு தொற்றிக்கொண்டது. அதனால் இரண்டு உலகத்திலிருந்தும் கொஞ்சம் கலந்து சொல்கிறேன். நீங்கள் படம் எதுவும் போடவில்லை. உங்கள் ஹார்ன் (ரட்டரில் கேபிள் மாட்டும் குட்டைக் கை) எப்படி இருக்கிறது, சர்வோ ஆர்ம் (சர்வோ தண்டோடு சுழலும் கை) எந்த வடிவம் என்று எனக்குத் தெரியாது. அதனால் தவறு எந்த முனையில் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்பட வேண்டிய இடம் இரண்டே இரண்டுதான். ஒரு ஸ்கேல் இருந்தால் ஐந்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் கேபிள் என்ன செய்கிறது என்பதைப் பிடித்துக்கொள்வோம். புஷ்ராட் தள்ளும், இழுக்கும். கேபிள் இழுக்க மட்டும்தான் செய்யும். இடது ரட்டர் வேண்டுமென்றால் இடது கேபிள் இழுக்கிறது. அப்போது வலது கேபிள் சும்மா இருப்பதில்லை. இடது கேபிள் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவையும் அது விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குறைவாக விட்டுக்கொடுத்தால் இறுகும். கூடுதலாக விட்டால் தொய்யும். இப்படி இருபக்கமும் கேபிளால் இழுக்கும் 'புல்-புல்' அமைப்பின் மொத்த வித்தையும் இந்த இழுப்பும் விடுப்பும் சமமாக இருப்பதில்தான் இருக்கிறது.

இது எப்போது சமமாக இருக்கும் என்று பார்க்க ஒரு பழைய கார்ட்போர்டு போதும். ஒரு பலகையில் ஒரு முழ இடைவெளியில் இரண்டு ஆணி அடியுங்கள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரே நீளமுள்ள ஒரு கார்ட்போர்டு பட்டையை, நடுவில் துளையிட்டு, சுழலும்படி மாட்டுங்கள். பட்டையின் இரு நுனிகளிலும் துளை போட்டு, இந்தப் பட்டையின் நுனியையும் அந்தப் பட்டையின் நுனியையும் இரண்டு பக்கமும் நூலால் இணையுங்கள். இரு நுனித் துளைகளும் ஆணித் துளையும் ஒரே நேர்கோட்டில் இருந்தால், ஒரு பட்டையைத் திருப்பும்போது மற்றது கூடவே திரும்பும், நூல் இரண்டும் எந்தக் கோணத்திலும் ஒரே விறைப்பில் இருக்கும். இணைகரம் சாய்கிறதே தவிர அதன் பக்கங்களின் நீளம் மாறுவதில்லை. இப்போது ஒரு பட்டையின் நுனித் துளைகளை மட்டும் ஆணிக்கு அரை சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப் போட்டுப் பாருங்கள். நடுவில் விறைப்பாகக் கட்டிய நூல்கள், பட்டையைத் திருப்பியதும் இரண்டும் அறுந்துபோகிற மாதிரி இறுகும், அல்லது இரண்டும் தொய்யும். எது நடக்கும் என்பது நீங்கள் எந்தப் பட்டையை எந்தப் பக்கம் தள்ளினீர்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் விமானத்தில் ரட்டரின் கீல்தான் ஒரு ஆணி, சர்வோவின் தண்டு இன்னொரு ஆணி. ரட்டர் ஹார்னின் துளைகள் கீலின் அச்சுக்கு மூக்குப் பக்கம் தள்ளி இருந்தால், ரட்டர் திரும்பத் திரும்ப இரண்டு துளைகளும் சராசரியாகச் சர்வோவைவிட்டு விலகும். கேபிள் நீள முடியாது, அதனால் இறுகும். துளைகள் கீலுக்கு வால் பக்கம் தள்ளி இருந்தால் நேர் எதிராக, ஓரத்தில், அதாவது ரட்டர் முழுவதும் திரும்பி நிற்கும்போது, தொய்யும். சர்வோ முனையில் இதுவே தலைகீழ்: ஆர்மின் துளைகள் சர்வோ தண்டுக்கு வால் பக்கம் இருந்தால் ஓரத்தில் இறுகும், மூக்குப் பக்கம் இருந்தால் தொய்யும். உங்களுக்கு ஓரத்தில் இறுகுகிறது. ஆகவே ஒன்று ஹார்ன் துளைகள் கீலைத் தாண்டி முன்னால் வந்திருக்கின்றன, அல்லது சர்வோ ஆர்மின் கைகள் வாலை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன.

எவ்வளவு இறுகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஹார்ன் துளை கீலுக்கு 6 மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது, ரட்டர் 30 டிகிரி திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியின் கொசைன் 0.866. ஒன்றிலிருந்து கழித்தால் 0.134. அதை 6-ஆல் பெருக்கினால் 0.8 மில்லிமீட்டர். ஒவ்வொரு கேபிளும் அவ்வளவு நீள வேண்டும். 0.8 மில்லிமீட்டர் என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் 90 சென்டிமீட்டர் எஃகுக் கேபிளை அவ்வளவு நீட்ட, கேபிளின் தடிமனைப் பொறுத்து, தோராயமாக ஒன்றிரண்டு கிலோவை அதில் தொங்கவிட்ட மாதிரி இழுக்க வேண்டும். அந்த இழுவை அவ்வளவும் சர்வோ தண்டின் மேலும் கீலின் மேலும் விழுகிறது. ரட்டரோ நடுவுக்கே திரும்பத் துடிக்கிறது. அதை எதிர்த்துப் பிடித்து நிற்கும் சத்தம்தான் நீங்கள் கேட்கும் உறுமல்.

இரண்டு சந்தேகங்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது சர்வோ ஆர்ம். கடையில் கிடைக்கும் இரட்டைக்கை ஆர்ம்களில் சில நேராக இருக்காது, லேசாக 'வி' வடிவில் வளைந்திருக்கும். ஹார்ன் கீலுக்குப் பின்னால் இருந்தால் அதை ஈடுகட்டத்தான் அந்த வளைவு. எதற்காக என்று தெரியாமல் மாட்டினால் அது வேலையைக் கெடுத்துவிடும். ஆர்மின் இரு துளைகளிலும் ஒரு மெல்லிய கம்பியை வைத்துப் பாருங்கள். கம்பி தண்டின் திருகுக்கு நேர்மேலே போனால் நேரான ஆர்ம். திருகுக்கு வால் பக்கம் போனால், ஆர்மைக் கழற்றி எதிர்ப்பக்கம் திருப்பி மாட்டுங்கள், அல்லது நேரான ஆர்ம் வாங்குங்கள். இது மட்டுமே காரணமாக இருந்தால் உங்கள் வேலை இன்று சாயந்திரமே முடிந்துவிடும்.

அடுத்து ஹார்ன். கீலின் மையம் எது என்பதில் பலர் தவறுகிறார்கள். ரட்டரும் அதற்கு முன்னால் அசையாமல் நிற்கும் செங்குத்துப் பலகையான ஃபின்னும் சேரும் இடைவெளி கீல் அல்ல. கீலின் ஊசி எங்கே இருக்கிறதோ அதன் மையம்தான் அச்சு. ஊசி வெளியே தெரியாத கீலாக இருந்தால், ரட்டரின் மேல் முனையில் ஒரு துண்டு காகிதம் ஒட்டி, ரட்டரை இருபக்கமும் ஆட்டி, அசையாமல் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடித்துப் பென்சிலால் குறியுங்கள். அதிலிருந்து ஒரு நூலைக் கீலோடு சேர்த்துக் கீழே பிடித்தால் ஹார்ன் துளை முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முன்னால் இருந்தால், ஹார்னைப் பின்னுக்கு நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். பலகையில் புதைத்து ஒட்டிவிட்டீர்கள், நகர்த்த வழியில்லை என்றாலும் கவலை இல்லை. சர்வோ ஆர்மின் துளைகளையும் அதே பக்கம், அதாவது மூக்குப் பக்கம் தள்ளினால் ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு முனையும் ஒரே கோணம் திரும்பினால்தான் இரண்டு முனையிலும் ஒரே அளவு தள்ள வேண்டும். சர்வோ 45 டிகிரியும் ரட்டர் 30 டிகிரியும் திரும்பினால், சர்வோ பக்கம் பாதிக்கும் குறைவாகத் தள்ளினால் போதும். ஹார்ன் 6 மில்லிமீட்டர் முன்னால் இருந்தால் சர்வோவில் 3 மில்லிமீட்டர்கூடத் தேவைப்படாது. ஒரு துண்டு ஃபைபர்கிளாஸ் பலகையில் துளை போட்டு வட்டச் சர்வோ தட்டின் மேல் திருகிக்கொண்டால் வேண்டிய அளவுக்குச் செய்துகொள்ளலாம். நான் இரண்டு விமானங்களில் அப்படித்தான் செய்தேன்.

இதோடு சேர்ந்தே வரும் ஒரு நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சர்வோ ஆர்மும் ரட்டர் ஹார்னும் ஒரே அகலமாக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தொய்யும்" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியில்லை. சர்வோ ஆர்ம் மையத்திலிருந்து 21 மில்லிமீட்டர், ஹார்ன் 30 மில்லிமீட்டர், கேபிள் 90 சென்டிமீட்டர், சர்வோ 45 டிகிரி, ரட்டர் 30 டிகிரி என்று போட்டால், கேபிள் நீளத்தில் வரும் வித்தியாசம் 0.02 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. துளைகள் அச்சுக் கோட்டில் இருப்பதுதான் முக்கியம். அகலம் சமமாக இருப்பது இரண்டாம்பட்சம். உண்மையில் சர்வோ ஆர்ம் சற்றுச் சிறியதாக இருப்பதே நல்லது. சர்வோவின் முழுச் சுழற்சியும் பயன்படும், விசை கூடும், சர்வோவின் பற்களில் இருக்கும் சின்ன ஆட்டம் ரட்டரில் குறைவாகத் தெரியும். பெரிய ஆர்மைப் போட்டுவிட்டு டிரான்ஸ்மிட்டரில் சர்வோவின் சுழற்சியை 60 சதவீதமாகக் குறைத்து ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். விசையையும் துல்லியத்தையும் காசு கொடுத்து வாங்கிவிட்டுத் தூக்கிப் போடுகிற காரியம் அது.

கேபிளை உடலுக்குள் குறுக்காகப் போடலாமா என்றால், போடலாம். வெளியே வரும் கோணம் நேராக அமையும் என்பதற்காகப் பலர் அப்படிச் செய்கிறார்கள். சர்வோவின் திசை மாறும், அதை டிரான்ஸ்மிட்டரில் திருப்பிக்கொள்ளலாம். இரண்டு கேபிளும் வெட்டும் இடத்தில் உரசக் கூடாது, ஒன்று ஆர்மின் மேற்பக்கமும் மற்றது கீழ்ப்பக்கமும் இருக்கும்படி மாட்டினால் உரசாது. ஆனால் குறுக்காகப் போட்டால் ஓரத்தில் சிறிது தொய்வு தானாகவே வரும். உங்கள் நீளத்துக்கு ஒரு கேபிளுக்கு அரை மில்லிமீட்டர் அளவில் வரும். குட்டையான விமானத்தில் இது அதிகமாகும். டைகர் மாத்துக்குக் குறுக்குக் கேபிள் தேவையில்லை. அசல் விமானத்திலேயே வால்பகுதியில் கேபிள்கள் உடலின் பக்கவாட்டில் வெளியே வந்து நேராக ஓடும். அதைப் பார்த்துத்தானே இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள்.

சரி, இறுக்கம். பெரிய விமானத்தில் இதற்கு டென்சியோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. கேபிளில் கவ்விப் பிடித்து அளவு பார்த்து, அன்றைய வெப்பநிலைக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று அட்டவணையில் பார்த்து, டர்ன்பக்கிளைத் திருப்புவோம். மாடலுக்கு அப்படி ஓர் எண் கிடையாது; யாராவது இத்தனை கிராம் என்று சொன்னால் அது அவருடைய விமானத்துக்கு மட்டுமான எண். என் கைக்கணக்கு இது: ரட்டரை விரலால் ஆட்டினால் நடுவில் ஆட்டம் தெரியக் கூடாது, அதற்கு மேல் ஒரு சுற்றுகூடத் தேவையில்லை. கேபிளின் நடுவில் விரலால் அழுத்தினால் சுலபமாக உள்ளே போய், விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். வீணைத் தந்தி மாதிரி ஒலித்தால் அது அதிகம். இரண்டு கேபிளும் சேர்ந்து சர்வோ தண்டை வால் பக்கம் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். சர்வோவின் மேல் பேரிங் அந்தச் சுமைக்குச் செய்ததல்ல. பெரிய மாடல்களில், அதிக விசை வேண்டிய இடங்களில், கேபிளைத் தனித் தாங்கியில் நிற்கும் ஒரு குறுக்குக் கையில் கட்டி, அந்தக் கையைச் சர்வோ ஒரு குட்டைக் கம்பியால் ஆட்டும்படி வைப்பது இதற்காகத்தான். 2.2 மீட்டர் டைகர் மாத்துக்கு அது அவசியமில்லை என்பது என் கருத்து.

வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். உலோக உடல் கொண்ட பெரும்பாலான விமானங்களில் அலுமினியம் எஃகுக் கேபிளைவிட அதிகமாக விரியும். அதனால் வெயிலில் கேபிள் இறுகும், உயரத்தில் குளிரில் தொய்யும். மர மாடலில் இது தலைகீழ். பால்சாவும் பிளைவுட்டும் நார் ஓடும் திசையில் மிகக் குறைவாகவே விரியும், ஸ்டெயின்லெஸ் கேபிள்தான் அதிகம் விரியும். ஏசி அறையில் 24 டிகிரியில் இறுக்கிவிட்டு, சித்திரை வெயிலில் 40 டிகிரிக்குக் கொண்டுபோனால் 90 சென்டிமீட்டர் கேபிள் சுமார் 0.2 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். வீட்டில் கச்சிதமாக இருந்த ரட்டர் மைதானத்தில் ஆடுகிறதே என்று திகைப்பவர்களுக்கு இதுதான் காரணம். இதற்காக வீட்டில் கூடுதலாக இறுக்கி வைக்காதீர்கள். மைதானத்தில், நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, அங்கே கடைசி அரைச் சுற்றைத் திருப்புங்கள். (அசல் டைகர் மாத்தின் உடல் எஃகுக் குழாய்களால் ஆனது. கேபிளும் எஃகு, உடலும் எஃகு. இந்த விஷயத்தில் அதைக் கட்டியவர்களுக்கு நம்மைவிட நிம்மதி.)

மீன்பிடிக்கும் ட்ரேஸ் கம்பி போதுமா என்றால், போதும், சரியானதாகப் பார்த்து வாங்கினால். கேபிளுக்கு உள்ளே இழைகள் எப்படி முறுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பாருங்கள். ஏழு இழை மட்டும் முறுக்கியது விறைப்பாக இருக்கும், ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்பு போகாது. ஏழு ஏழாக முறுக்கிய 49 இழைக் கம்பி வளைந்து கொடுக்கும். பெரிய விமானங்களிலும் இதே 7×7 முறுக்கு உண்டு, இன்னும் நெகிழ்வாக வேண்டிய இடத்தில் 7×19, அதாவது 133 இழை. உங்களுக்கு நைலான் பூசிய 49 இழை ஸ்டெயின்லெஸ், 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் போதும். சாதாரண நைலான் தூண்டில் நரம்பு வேண்டவே வேண்டாம், ரப்பர் மாதிரி இழுபடும். பின்னல் தூண்டில் நூல் வலுவானதுதான், ஆனால் தொடர்ந்த இழுவையில் நாள்போக்கில் மெல்ல நீண்டுகொண்டே போகும், திரும்பி வராது. கெவ்லார் நூல் சின்ன, எடை குறைந்த விமானங்களுக்கு அருமையான பொருள். ஆனால் வெயிலில் வலுவிழக்கும், உரசும் இடத்தில் நார் நாராகப் பிரியும். டைகர் மாத்தில் கேபிள் வெளியே வெயிலில் ஓடுவதால் அதை நான் சொல்ல மாட்டேன்.

கேபிளை முனையில் கட்டுவதில்தான் பெரும்பாலான விபத்துகள் தொடங்குகின்றன. என் முதல் பெரிய மாடலில், செம்புக் குழாய்க்குள் கேபிளை விட்டு, கண்ணியைச் சுற்றித் திரும்ப அதே குழாய்க்குள் ஒருமுறை விட்டு நசுக்கியதோடு நிறுத்திவிட்டேன். மேசையில் இழுத்துப் பார்த்தேன், பிடித்தது. ஏழாவது பறப்பில் தரையிறங்கி ஓடும்போது இடது ரட்டர் இல்லை. வலது மட்டும் வேலை செய்தது. விமானம் ஓடுபாதையைவிட்டு விலகிக் கருவேலம் புதருக்குள் போய் நின்றது. கீழ் இறக்கை இரண்டும் கிழிந்தன. பிரித்துப் பார்த்தால் குழாய் நசுங்கியபடியே இருந்தது, கேபிள்தான் அதற்குள்ளிருந்து வழுக்கி வந்திருந்தது. நைலான் பூச்சை உரிக்காமல் விட்டதால் குழாய் எஃகைப் பிடிக்கவில்லை, நைலானைத்தான் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து நான் செய்வது இப்படி. குழாய்க்குள் போகும் அளவுக்கு மட்டும் நைலானைப் பிளேடால் பக்குவமாக உரிப்பேன், இழையில் கீறல் விழாமல். குழாய்க்குள் விட்டு, கண்ணியைச் சுற்றி, திரும்பக் குழாய்க்குள் விட்டு, முனையை மறுபடி மடக்கி மூன்றாவது முறையும் அதே குழாய்க்குள் செருகுவேன். பிறகு கிரிம்பிங் பிளையரால் இரண்டு இடத்தில் நசுக்குவேன். வெட்டும் பிளையரால் நசுக்காதீர்கள், அது இழையையே வெட்டிவிடும். கடைசியாக ஒரு சொட்டு சயனோ பசை. சிலர் ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் ஈயம் ஒட்ட அமில ஃப்ளக்ஸ் வேண்டும், அந்த அமிலம் இழைகளுக்குள் ஊறி உள்ளிருந்து அரிக்கும். ஈயம் ஊறிய இடமும் விறைத்துப்போய், அதன் விளிம்பில் இழைகள் ஒடியும். எனக்கு அது பிடிக்காது. கட்டி முடித்ததும் ஒவ்வொரு கேபிளின் ஒரு முனையையும் ஆணியில் மாட்டி, மறுமுனையில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு ஒரு இரவு வைப்பேன். விமானத்தில் வரும் சுமையைவிட அது அதிகம்தான், ஆனாலும் வழுக்குவதாக இருந்தால் அங்கேயே வழுக்கட்டும். இன்னொரு லாபமும் உண்டு: புதுக் கேபிளின் இழைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது கேபிள் சிறிது நீளும், அந்த நீட்சியில் ஒரு பகுதி இங்கேயே முடிந்துவிடும். மீதி முதல் சில பறப்புகளில் வரும். அதனால் ஐந்தாறு பறப்புக்குப் பிறகு ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும்.

மாட்டும் வரிசையும் முக்கியம். ரிசீவரை ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரில் நடுநிலையை நகர்த்தும் டிரிம், சப்-டிரிம் எல்லாம் பூஜ்யத்தில் வைத்து, ஆர்ம் விமானத்தின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி சர்வோ தண்டின் பல்லைத் தேடி மாட்டுங்கள். சர்வோ தண்டு நடுக்கோட்டில் இருந்தால் நல்லது. ரட்டரை ஃபின்னோடு நேராக வைத்து இருபக்கமும் பட்டைக் குச்சி வைத்து டேப்பால் கட்டிவிடுங்கள். வால் முனையை முதலில் கட்டி முடியுங்கள், திருகிச் சரிசெய்யும் கிளெவிஸ் (ஆர்மில் மாட்டும் கவட்டைக் கொக்கி) காக்பிட் பக்கம் வரட்டும். அதைப் பாதி மரை வரை திருகி வைத்து, கேபிளைக் கையால் நேராக்கும் அளவுக்கு மட்டும் இழுத்து நசுக்குங்கள். பிறகு இரண்டு கிளெவிஸையும் மாறி மாறி அரைச் சுற்றாகத் திருப்பி இறுக்குங்கள், ஒன்றையே திருப்பினால் ரட்டர் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பெரிய விமானத்தின் டர்ன்பக்கிளில் மூன்று மரைக்கு மேல் வெளியே தெரியக் கூடாது என்பது விதி. நமது கிளெவிஸுக்கும் அந்தப் புத்தியோடு பாருங்கள்: உள்ளே போன மரையின் நுனி கவட்டையின் அடியில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். லாக் நட்டும், மேலே ஒரு சிலிக்கான் குழாய்த் துண்டும் போட மறக்காதீர்கள். எல்லாம் முடிந்து குச்சிகளைக் கழற்றியதும் முழு இடது, முழு வலது கொடுத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். பேட்டரிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு ஆம்பியர் மீட்டர் வைத்தால் இன்னும் தெளிவு. ஓரத்தில் பிடித்து நிற்கும்போது மின்னோட்டம் நடுவில் இருந்த அளவை ஒட்டியே இருந்தால் உங்கள் துளைகள் சரியான இடத்துக்கு வந்துவிட்டன.

கேபிள் உடலைவிட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சிறு நைலான் குழாய் வைத்து ஒட்டுங்கள். அந்தக் குழாய் கேபிளை வளைக்கக் கூடாது, கேபிள் தன் நேர்கோட்டில் போகும் வழியில்தான் குழாய் இருக்க வேண்டும். பெரிய விமானங்களில் இப்படிப்பட்ட வழிகாட்டி வளையம் கேபிளின் திசையை 3 டிகிரிக்கு மேல் மாற்றக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கப்பி போட வேண்டும். மாடலில் கப்பிக்கு அவசியம் வராது. வெளியே வரும் துளையை எங்கே வெட்டுவது என்று அறிய, துணி ஒட்டுவதற்கு முன்பே ஒரு நூலைச் சர்வோவிலிருந்து ஹார்ன் வரை விறைப்பாகக் கட்டி, அது சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூக்கை மேலும் கீழும் திருப்பும் எலிவேட்டருக்கும் கேபிள் வைப்பதாக இருந்தால் இதே கணக்குதான், ஆனால் கண்டிப்பு இரண்டு மடங்கு. ரட்டர் போனால் இறக்கையில் இருக்கும் ஐலெரானை வைத்து எப்படியாவது இறக்கலாம். எலிவேட்டர் போனால் அநேகமாக விமானமே போய்விடும். இரண்டு எலிவேட்டர்களையும் இணைக்கும் கம்பி முறுக்கிக்கொள்ளாத தடிமனில் இருக்க வேண்டும். கேபிள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்தக் கம்பி மெல்லியதாக இருந்தால் பயனில்லை.

ஓரத்தில் இழுக்காத பக்கம் சிறிது தொய்ந்தால் பரவாயில்லையா என்பதில் அனுபவசாலிகளிடையே ஒத்த கருத்து இல்லை. ஓரத்தில் இறுகுவது எப்போதும் தவறு. நடுவில் தொய்வு இருப்பதும் எப்போதும் தவறு. வேகத்தில் ரட்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும் ஃபிளட்டருக்கு நடுவில் இருக்கும் தொய்வு கதவைத் திறந்து விடுகிறது. இந்த இரண்டும் உறுதி. ஓரத்தில் தொய்வு வேறு. அப்போது காற்று ரட்டரை நடுவுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும், இழுக்கும் கேபிள் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும், மற்றதற்கு வேலை இல்லை. டைகர் மாத் போல மெதுவாகப் பறக்கும் விமானத்தில் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் தொய்வை நான் பொருட்படுத்துவதில்லை. வால் பின்னோக்கி வழுக்குகிற மாதிரி சாகசம் செய்யும் விமானத்தில் காற்று பின்பக்கத்திலிருந்து ரட்டரைப் பிடித்துத் தள்ளும். அங்கே இதையே நான் ஏற்க மாட்டேன். ஆகவே ஹார்னைச் சரியாகக் கோட்டில் வைக்க முடியாமல் ஒரு மில்லிமீட்டர் இப்படியோ அப்படியோ போகும் என்றால், பின்னால் போகட்டும்.

பறக்க ஆரம்பித்த பிறகு மாதம் ஒருமுறை ஒரு பழைய பருத்தித் துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து, வெளியே வரும் துளையிலிருந்து ஹார்ன் வரை மெதுவாக இழுத்துத் துடையுங்கள். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியில் சிக்கும். ஹேங்கரில் நாங்கள் தினமும் செய்தது இதுதான். வெறும் விரலால் செய்தால் இழை விரலில் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாத முறிவைத் துணி காட்டிக்கொடுக்கும். நைலான் பூச்சு உரிந்த இடத்தை, குறிப்பாகச் செம்புக் குழாயின் வாயருகே, தனியாகப் பாருங்கள். அங்கே ஒரு இழை போயிருந்தால் கேபிளை மாற்றிவிடுங்கள். சின்னச் செலவில் முடிகிற வேலை.

இப்போதைக்கு இரண்டே அளவு எடுத்துக் கீழே பதிலில் எழுதுங்கள்: கீலின் ஊசி மையத்திலிருந்து ஹார்ன் துளை எவ்வளவு முன்னால் அல்லது பின்னால் இருக்கிறது, சர்வோ தண்டின் மையத்திலிருந்து ஆர்ம் துளை எவ்வளவு முன்னால் அல்லது பின்னால் இருக்கிறது. சர்வோவும் ரட்டரும் எத்தனை டிகிரி திரும்புகின்றன என்பதையும் சேர்த்துப் போட்டால், ஆர்மில் புதிய துளை எந்த இடத்தில் போட வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.